என்ஜின் எந்தப் பக்கம்?



ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லால் நான் ஒரு பையனை அழ வைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் இந்தக் கட்டுரையை எழுத நான் ஏன் உட்கார்ந்தேன் என்பது உங்களுக்குப் புரியும்.

அது 1989-ஆம் ஆண்டு. தூத்துக்குடி பக்கம், பனைமரங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள், ‘மை ஃபாதர்’ என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் நோட்ஸ் புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதி நீட்டினார்கள். ஒரு பையன் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தான். அவனுடைய அப்பா பனையேறி. விடியும் முன்பே மரமேறிப் பதநீர் இறக்குபவர். அவரைப் பற்றி அவன் எழுதிய மூன்றாவது வரி இது:

‘மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்லி.’

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததோடு விட்டேனா? வகுப்பு முழுவதற்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். ‘‘ஹார்ட்லி என்றால் என்ன தெரியுமா? ‘கிட்டத்தட்ட இல்லவே இல்லை’ என்று அர்த்தம். இவன் அப்பா வேலையே செய்வதில்லையாம்!’’ என்றேன். வகுப்பே சிரித்தது.

அந்தப் பையன் எழுந்து நின்றான். ‘‘எங்கப்பா அப்படி இல்ல சார். நாலு மணிக்கே மரத்துக்குப் போயிருவாங்க’’ என்றான். பிறகு உட்கார்ந்து, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

மறுநாள் மாலை பேருந்து நிறுத்தத்துக்கு நடந்துபோகும்போது அவன் அப்பாவைப் பார்த்தேன். அப்போதுதான் மரத்திலிருந்து இறங்கியிருந்தார். ‘‘என்ன சார், பய ஒழுங்கா படிக்கானா?’’ என்று சிரித்தபடி கேட்டார். பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். அதை நீட்டிய கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதும் மரப்பட்டை போலக் காய்த்துப் போயிருந்தது. வகுப்பில் நடந்ததைப் பையன் வீட்டில் சொல்லவே இல்லை என்பது அவர் பேச்சிலிருந்து தெரிந்தது. பதநீர் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அன்று இரவு யோசித்துப் பார்த்தேன். ‘அட்ஜெக்டிவோடு லி சேர்த்தால் அட்வெர்ப் ஆகிவிடும். ஸ்லோ, ஸ்லோலி. ஸ்வீட், ஸ்வீட்லி’ என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவன் யார்? நான்தான். ‘ஹார்ட்’ மட்டும் அந்த விதிக்குள் வராது என்று சொல்லாமல் விட்டவனும் நான்தான். பையன் நான் சொன்ன விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறான். தவறு என்னுடையது, அழுதது அவன்.

அடுத்த நாள் வகுப்பில் இதைச் சொல்லி, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘மை ஃபாதர் வொர்க்ஸ் ஹார்ட்’ என்று கரும்பலகையில் பெரிதாக எழுதி, அவனையே படிக்கச் சொன்னேன். படித்தான். ஆனால், சிரிக்கவில்லை.

அன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். மாணவர்கள் ஆங்கிலத்தில் செய்யும் தவறுகளை எல்லாம் அதில் குறித்து வந்தேன். சில வருடங்களில் ஒன்று விளங்கியது. வினைச்சொல் வரும்வரை பிள்ளைகள் தடுமாறுவதில்லை. ‘மீனா வென்ட்’ வரை எல்லோரும் சரியாகவே வருகிறார்கள். அதற்கு அப்புறம் வருவதில்தான் குழப்பம். எங்கே, எப்படி, எப்போது என்பதை எந்த வரிசையில் அடுக்குவது? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஒரு சின்ன வேண்டுகோள். ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டே படியுங்கள். எழுத்துக்கூட்டும் பயிற்சியும் சேர்ந்து நடக்கும்!

மலை ரயில் சொல்லித் தந்த பாடம்

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலைப் பார்த்திருக்கிறீர்களா? 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் ஊட்டி வரையிலும் ஓடத் தொடங்கிய ரயில் அது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம் பிடித்தது. அதில் ஓர் அதிசயம் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் நோக்கி மலையேறும்போது நீராவி என்ஜின் முன்னால் இருக்காது. எல்லாப் பெட்டிகளுக்கும் பின்னால் நின்று, ‘புஸ் புஸ்’ என்று தள்ளிக்கொண்டு போகும்!

மற்ற ரயில்களில் என்ஜின் முன்னால் நின்று பெட்டிகளை இழுக்கும். இதில் பின்னால் நின்று தள்ளுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ் வாக்கியம் இந்த மலை ரயில் மாதிரி. ஆங்கில வாக்கியம் சமவெளி ரயில் மாதிரி. என்ஜின் எது? வினைச்சொல்தான். அதுதானே வாக்கியத்தையே ஓட வைக்கிறது!

மீனா நேற்று ரயிலில் சென்னைக்குப் போனாள்.

இதில் ‘போனாள்’ என்ற என்ஜின் கடைசியில் இருக்கிறது. ‘நேற்று’, ‘ரயிலில்’, ‘சென்னைக்கு’ என்ற மூன்று பெட்டிகளும் அதற்கு முன்னால் நிற்கின்றன. இதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்ப்போம்.

மீனா வென்ட் டு சென்னை பை ட்ரெயின் யெஸ்டர்டே.

மீனா என்ற எழுவாய் இரண்டு மொழியிலும் முதலில் நிற்கிறாள். பச்சைக்கொடி காட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளை அடுத்து உடனே ‘வென்ட்’ என்ற என்ஜின் வந்துவிட்டது. மூன்று பெட்டிகளும் அதன் பின்னால் வருகின்றன.

இப்போது ஒரு வேடிக்கை. இரண்டு ரயிலிலும் என்ஜினிலிருந்து தொடங்கிப் பெட்டிகளை எண்ணுங்கள்.

தமிழில்: போனாள், சென்னைக்கு, ரயிலில், நேற்று.

ஆங்கிலத்தில்: வென்ட், டு சென்னை, பை ட்ரெயின், யெஸ்டர்டே.

பார்த்தீர்களா? வரிசை ஒன்றேதான்! என்ஜினை ஒட்டிய பெட்டி இரண்டிலும் சென்னைதான். கடைசிப் பெட்டி இரண்டிலும் நேற்றுதான். கண்ணாடியில் முகம் பார்த்ததுபோல் திசை மட்டும் மாறியிருக்கிறது. ஆகவே, ஆங்கிலத்தில் எழுதும்போது உங்கள் தமிழ் வாக்கியத்தைப் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது.

கொக்கி எங்கே இருக்கிறது?

ரயில் பெட்டி சும்மா ஒட்டிக்கொள்ளாது, கொக்கி வேண்டும். வாக்கியத்திலும் அப்படித்தான். தமிழில் ‘சென்னை’ என்ற சொல்லோடு ‘கு’ என்ற வேற்றுமை உருபு சேர்ந்து ‘சென்னைக்கு’ ஆகிறது. அந்த ‘கு’தான் கொக்கி. ‘ரயிலில்’ என்பதில் ‘இல்’ என்பது கொக்கி. ‘மேஜை மேல்’ என்பதில் ‘மேல்’.

ஆங்கிலத்தில் இந்த வேலையைச் செய்வது பிரிபொசிஷன். டு, இன், ஆன், அட், வித், ஃப்ரம், பை போன்ற குட்டிச் சொற்கள் இவை. ‘பிரிபொசிஷன்’ என்பது லத்தீனிலிருந்து வந்த சொல். ‘முன்னால் வைப்பது’ என்று பொருள். பெயருக்கு முன்னால் நிற்பதால் அந்தப் பெயர். நம் கொக்கி பெயருக்குப் பின்னால். அவர்கள் கொக்கி பெயருக்கு முன்னால்.

‘ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது?’ என்று கேட்கிறீர்களா? தலைகீழே இல்லை! மறுபடி ரயிலைப் பாருங்கள். ‘சென்னைக்குப் போனாள்’ என்பதில் ‘கு’ எந்தப் பக்கம் இருக்கிறது? என்ஜின் பக்கம். ‘வென்ட் டு சென்னை’ என்பதில் ‘டு’ எந்தப் பக்கம்? அதுவும் என்ஜின் பக்கம். கொக்கி எப்போதும் என்ஜின் இருக்கும் திசையைப் பார்த்துத்தான் மாட்டப்பட்டிருக்கும். என்ஜின் இடம் மாறியதால் கொக்கியும் இடம் மாறிவிட்டது. இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால், ‘சென்னை டு வென்ட்’ என்று எழுத உங்கள் கை வரவே வராது.

எப்படி, எங்கே, எப்போது?

இன்னொரு வாக்கியம் பார்ப்போம்.

குழந்தைகள் நேற்று பூங்காவில் மகிழ்ச்சியாக விளையாடினார்கள்.

பின்னாலிருந்து எண்ணுங்கள். விளையாடினார்கள், மகிழ்ச்சியாக, பூங்காவில், நேற்று. ஆங்கிலத்தில்:

தி சில்ட்ரன் ப்ளேய்ட் ஹாப்பிலி இன் தி பார்க் யெஸ்டர்டே.

‘ஹாப்பிலி’ என்பது அட்வெர்ப். நம் இலக்கணத்தில் வினையடை என்போம். தமிழில் ‘ஆக’ சேர்ப்பது போல ஆங்கிலத்தில் ‘லி’ சேர்க்கிறார்கள். முதலில் எப்படி, பிறகு எங்கே, கடைசியில் எப்போது. இந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

போவது, வருவது போன்ற வினைகளில் மட்டும் ‘எங்கே’ என்ற பெட்டி முந்திக்கொண்டு என்ஜினை ஒட்டி நிற்கும். மேலே மீனா வாக்கியத்தில் ‘டு சென்னை’ முதலில் வந்தது அல்லவா? ‘போனாள்’ என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி ‘எங்கே?’ என்பதுதானே!

பெட்டிகளுக்குள்ளும் இதே கண்ணாடி விளையாட்டு உண்டு. ‘திங்கட்கிழமை காலை 9 மணிக்கு’ என்று நாம் பெரியதிலிருந்து சிறியதற்குப் போகிறோம். ஆங்கிலத்தில் ‘அட் 9 ஓ க்ளாக் ஆன் மண்டே மார்னிங்’ என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போவார்கள். இடமும் அப்படியே.

என் மாமா மதுரைக்கு அருகில் ஒரு கிராமத்தில் ஒரு சின்ன வீட்டில் வசிக்கிறார்.

மை அங்கிள் லிவ்ஸ் இன் எ ஸ்மால் ஹவுஸ் இன் எ வில்லேஜ் நியர் மதுரை.

நாம் ஊரிலிருந்து வீட்டுக்குப் போகிறோம். அவர்கள் வீட்டிலிருந்து ஊருக்குப் போகிறார்கள். கடிதத்தில் முகவரி எழுதும்போதும் கதவு எண், தெரு, ஊர் என்றுதானே எழுதுகிறோம்? அது ஆங்கில வரிசைதான்!

காலத்தைக் காட்டும் பெட்டிக்கு மட்டும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. ‘யெஸ்டர்டே, மீனா வென்ட் டு சென்னை’ என்று அது வாக்கியத்தின் முதலிலும் வந்து நிற்கலாம். ஆனால், ‘மீனா யெஸ்டர்டே டு சென்னை வென்ட்’ என்று நடுவில் புகுத்தினால் ரயில் தடம் புரண்டுவிடும்.

கைகோத்த நண்பர்கள்

இப்போது கவனமாகக் கேளுங்கள். கண்ணாடி விதி ஓர் இடத்தில் மட்டும் ஏமாற்றிவிடும்.

அவள் பாட்டை நன்றாகப் பாடினாள்.

பின்னாலிருந்து எண்ணினால் பாடினாள், நன்றாக, பாட்டை. அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால் ‘ஷீ சேங் வெல் தி சாங்’ என்று வரும். இது தவறு! சரியான வாக்கியம்:

ஷீ சேங் தி சாங் வெல்.

காரணம் என்ன? ஆங்கிலத்தில் வினையும் அதன் செயப்படுபொருளும் கைகோத்து நடக்கும் நண்பர்கள். இடையில் யாரையும் விடமாட்டார்கள். முதலில் வினை, உடனே செயப்படுபொருள், அதற்குப் பிறகுதான் மற்றப் பெட்டிகள்.

‘எனக்கு மாம்பழம் மிகவும் பிடிக்கும்’ என்பதை ‘ஐ லைக் வெரி மச் மேங்கோஸ்’ என்று எழுதும் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பார்த்திருக்கிறேன். ‘லைக்’கும் ‘மேங்கோஸ்’உம் நண்பர்கள், நடுவில் ‘வெரி மச்’ புகலாமா? ‘ஐ லைக் மேங்கோஸ் வெரி மச்’ என்று பின்னால் போகச் சொல்லுங்கள்.

முன்னால் ஓடும் சுட்டிகள்

எல்லா அட்வெர்புகளும் வினைக்குப் பின்னால்தான் வருமா? இல்லை. ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர் ஆகிய சொற்கள் ஒரு செயல் எத்தனை தடவை நடக்கிறது என்று சொல்பவை. இந்தச் சுட்டிகள் வழக்கமாக என்ஜினுக்கு முன்னால் ஓடி வந்து நின்றுகொள்ளும்.

ஐ ஆல்வேஸ் ட்ரிங்க் மில்க் இன் தி மார்னிங்.

ஹீ நெவர் டெல்ஸ் லைஸ்.

ஆனால் இஸ், ஆம், ஆர், வாஸ், வெர் ஆகியவை வினையாக வந்தால் அவற்றுக்குப் பின்னால் பணிவாக நிற்கும். ‘ஹீ இஸ் நெவர் லேட்’, ‘தே ஆர் ஆல்வேஸ் ஹாப்பி’ என்பதே வழக்கம்.

மாறும் கொக்கி, இல்லாத கொக்கி

எந்த வினைக்கு எந்தக் கொக்கி என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழில் இருக்கிறதே என்று ஆங்கிலத்திலும் மாட்டக் கூடாது. தமிழில் இல்லையே என்று விட்டுவிடவும் கூடாது.

‘பள்ளிக்கு வந்து சேர்ந்தேன்’ என்கிறோம். அந்த ‘கு’வை நினைத்து ‘ஐ ரீச்ட் டு ஸ்கூல்’ என்று எழுதுவார்கள். ‘ரீச்’சுக்குக் கொக்கி வேண்டாம். ‘ஐ ரீச்ட் ஸ்கூல்’ போதும்.

‘அவனிடம் கேள்’ என்பதை ‘ஆஸ்க் டு ஹிம்’ என்பார்கள். ‘ஆஸ்க் ஹிம்’ என்பதே சரி. அதேபோல ‘டெல் டு மீ’ தவறு. ‘டெல் மீ’ சரி. ஆனால் ‘ஸே’ என்ற வினைக்குக் கொக்கி கட்டாயம் வேண்டும். ‘வாட் டிட் ஹீ ஸே டு யூ?’ என்று கேட்க வேண்டும்.

‘பாட்டைக் கேள்’ என்பதில் ‘கு’ இல்லை. ஆனாலும் ‘லிசன் டு தி சாங்’ என்று ‘டு’ போட வேண்டும். ‘படத்தைப் பார்’ என்பது ‘லுக் அட் தி பிக்சர்’ ஆகும். ‘பேருந்துக்காகக் காத்திரு’ என்பது ‘வெயிட் ஃபார் தி பஸ்’ ஆகும்.

இதற்கு ஒரு சுலப வழி சொல்கிறேன். புதிய வினைச்சொல் படிக்கும்போது தனியாகப் படிக்காதீர்கள். கொக்கியோடு சேர்த்தே படியுங்கள். ‘லிசன்’ என்று எழுதாதீர்கள். ‘லிசன் டு’ என்று எழுதுங்கள்.

ஸ்பூன் யார் கையில்?

பெட்டியை எங்கே மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தமே மாறிவிடும். இதைப் படியுங்கள்.

ஷீ ஃபெட் தி மங்கி வித் எ ஸ்பூன்.

ஸ்பூன் யார் கையில் இருக்கிறது? ‘ஸ்பூனால் குரங்குக்கு ஊட்டினாள்’ என்றும் சொல்லலாம். ‘ஸ்பூன் வைத்திருந்த குரங்குக்கு ஊட்டினாள்’ என்றும் சொல்லலாம். ‘வித் எ ஸ்பூன்’ என்ற பெட்டி என்ஜினோடு சேர்ந்ததா, குரங்கோடு சேர்ந்ததா என்று தெரியவில்லை! சந்தேகம் வராமல் இருக்க ‘வித் எ ஸ்பூன், ஷீ ஃபெட் தி மங்கி’ என்று முன்னால் கொண்டு வந்துவிடலாம். எழுதிய வாக்கியத்தை ஒருமுறை படித்துப் பார்ப்பது இதற்காகத்தான். நாம் நினைத்தது ஒன்று, படிப்பவர் புரிந்துகொள்வது வேறு என்று ஆகிவிடக் கூடாது அல்லவா?

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

‘நாய் பூனையைத் துரத்தியது.’ ‘பூனையை நாய் துரத்தியது.’ எப்படி மாற்றினாலும் துரத்தியது நாய்தான். ‘ஐ’ என்ற உருபு, பூனையின் கழுத்தில் சீட்டு மாட்டியதுபோல, ‘துரத்தப்பட்டது இதுதான்’ என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘தி டாக் சேஸ்ட் தி கேட்’ என்பதை ‘தி கேட் சேஸ்ட் தி டாக்’ என்று மாற்றினால் பூனை நாயைத் துரத்த ஆரம்பித்துவிடும்!

ஆங்கிலமும் ஒரு காலத்தில் நம்மைப்போல் சீட்டு மாட்டிய மொழிதான். சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன்பு பேசப்பட்ட பழைய ஆங்கிலத்தில், துரத்தியது யார், துரத்தப்பட்டது யார் என்பதைச் சொல்லின் கடைசி எழுத்துகளோ, அதற்கு முன் வரும் சிறு சொல்லின் வடிவமோ காட்டும். அதனால் சொற்களை இடம் மாற்றி அமைக்கவும் முடிந்தது. பிறகு அந்தக் கடைசி ஒலிகள் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைந்தன. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்த சில நூற்றாண்டுகளில் மொழி வெகுவாக மாறிவிட்டது. சீட்டு போனபின், யார் எங்கே நிற்கிறார் என்ற வரிசைதான் பொருளைக் காட்ட வேண்டியதாயிற்று. ‘ஹீ – ஹிம்’, ‘ஷீ – ஹெர்’, ‘ஐ – மீ’ என்று சில சொற்களில் மட்டும் அந்தப் பழைய சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இது நமக்கு மட்டும் உள்ள சிரமம் இல்லை. 1839-இல் தமிழகம் வந்த ஜி.யு.போப் அவர்களை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஆங்கிலம் சொந்த மொழி. தமிழ் கற்கும்போது அவருக்கும் என்ஜின் எதிர்ப்பக்கம்தான் நின்றிருக்கும். விடாமல் கற்றார். 1886-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அங்கிருந்து இங்கே வர முடிந்ததென்றால், இங்கிருந்து அங்கே போக முடியாதா என்ன?

ஹார்ட் வேறு, ஹார்ட்லி வேறு

கடைசியாக, அந்தப் பனையேறி மகனின் வாக்கியத்துக்கு வருகிறேன்.

‘ஹார்ட்’ என்ற சொல் லி சேராமலே அட்வெர்பாக வரும். பழைய ஆங்கிலத்தில் இதுபோன்ற அட்வெர்புகளுக்குக் கடைசியில் ஒரு சின்ன ‘எ’ ஒலி இருந்தது. மற்ற ஒலிகளைப் போல அதுவும் தேய்ந்து போயிற்று. அதனால் ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ போன்ற சொற்கள் வாலில்லாமல் நிற்கின்றன. ‘ஹீ ரன்ஸ் ஃபாஸ்ட்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘ஃபாஸ்ட்லி’ என்று ஒரு சொல்லே வழக்கில் இல்லை. ஆனால் ‘ஹார்ட்லி’ என்ற சொல் உண்டு. அது காலப்போக்கில் பொருள் மாறி, ‘கிட்டத்தட்ட இல்லை’ என்று ஆகிவிட்டது. இடமும் வேறு. ‘ஹார்ட்’ வினைக்குப் பின்னால் வரும். ‘ஹார்ட்லி’ வழக்கமாக வினைக்கு முன்னால் வரும்.

ஹீ வொர்க்ஸ் ஹார்ட். (கடுமையாக உழைக்கிறார்.)

ஹீ ஹார்ட்லி வொர்க்ஸ். (வேலையே செய்வதில்லை எனலாம்.)

‘லேட்’ சொல்லும் இப்படித்தான். ‘ஹீ கேம் லேட்’ என்றால் தாமதமாக வந்தான். ‘லேட்லி’ என்றால் ‘அண்மைக் காலமாக’ என்று பொருள்.

நீங்களே ஓட்டிப் பாருங்கள்!

ஆங்கிலத்தில் எழுதுங்கள்:

1. பாட்டி நேற்று பேருந்தில் மதுரைக்குப் போனார்.

2. நான் தினமும் காலை 6 மணிக்கு எழுகிறேன்.

தவறைத் திருத்துங்கள்:

3. ஷீ ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்.

4. ஹீ ரீச்ட் டு தி ஸ்டேஷன் லேட்.

5. மை மதர் வொர்க்ஸ் ஹார்ட்லி இன் தி ஃபீல்ட்.

விடைகளைப் பார்க்கும் முன் ஒரு செய்தி. 2003-ஆம் ஆண்டு எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. அனுப்பியவன் அந்தப் பையன்தான். அச்சிட்ட பத்திரிகையின் ஓரத்தில், பேனாவால் ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருந்தான்.

‘சார், ப்ளீஸ் கம் டு மை வெட்டிங் வித் யுவர் ஃபேமிலி ஆன் சண்டே. மை ஃபாதர் இஸ் வொர்க்கிங் ஹார்ட் ஃபார் இட்.’

வாத்தியார் புத்தி போகுமா? சிவப்பு மையால் திருத்துகிற பழக்கத்தில் முதலில் என்ஜினிலிருந்து பெட்டிகளை எண்ணினேன். எங்கே, யாரோடு, எப்போது. எல்லாம் சரியாக இருந்தன. கொக்கிகளும் சரி. பிறகுதான் இரண்டாவது வரியை மறுபடி படித்தேன். அந்த ‘ஹார்ட்’ என்ற சொல்லுக்கு அடியில் அவனே ஒரு கோடு போட்டிருந்தான்.

குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போனேன். பந்தலில் ஓடியாடிக்கொண்டிருந்த அவன் அப்பா என்னைப் பார்த்ததும் அதே காய்த்துப்போன கைகளால் என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘‘பய ஒழுங்கா படிச்சானா சார்?’’ என்று சிரித்தார்.

‘‘நல்லா படிச்சான். நான்தான் அவன்கிட்ட ஒரு பாடம் படிச்சேன்’’ என்றேன்.

செல்வங்களே, உங்கள் வகுப்பில் யாராவது ஆங்கிலத்தில் தவறாக ஒரு வாக்கியம் சொன்னால் சிரிக்காதீர்கள். ‘என்ஜின் எந்தப் பக்கம்?’ என்று மெதுவாகக் கேளுங்கள். அவர்களே சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

விடைகள்:

1. கிராண்ட்மா வென்ட் டு மதுரை பை பஸ் யெஸ்டர்டே.

2. ஐ கெட் அப் அட் 6 ஓ க்ளாக் இன் தி மார்னிங் எவ்ரி டே.

3. ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃப்ளூயன்ட்லி.

4. ஹீ ரீச்ட் தி ஸ்டேஷன் லேட்.

5. மை மதர் வொர்க்ஸ் ஹார்ட் இன் தி ஃபீல்ட்.